கூவத்துக்கு வடக்கே பிறந்த சினிமா கம்பெனிகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டேரி, புரசைவாக்கம் பக்கத்துப் பிள்ளைகள் பத்துப் பதினைந்து பேரைக் கூட்டிக்கொண்டு தங்கசாலை வரைக்கும் நடப்பேன். நம் ஏரியாவில் இருந்த பழைய ஸ்டுடியோக்கள், சினிமாக் கொட்டகைகள் கதையைச் சொல்லிக்கொண்டே போவோம். பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

சினிமா என்றால் கோடம்பாக்கம்தானே? வடசென்னைக்கும் ஸ்டுடியோவுக்கும் என்ன சம்பந்தம்?

கோடம்பாக்கம் சினிமாவுக்குப் பேர் எடுத்தது 1940-களின் கடைசியில்தான். அதற்கு முப்பது வருடம் முன்பே மில்லர்ஸ் சாலையில் ஒரு சினிமா கம்பெனி நடந்துகொண்டிருந்தது. தென்னிந்தியாவின் முதல் கதைப்படத்தை எடுத்த கம்பெனி அது. கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டுடியோ வந்தது புரசைவாக்கத்தில். சென்னையிலேயே எடுத்த முதல் பேசும் படம் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் தயாரானது. தமிழ் பேசிய முதல் படத்தைச் சென்னை ஜனங்கள் பார்த்தது ஜார்ஜ் டவுனில். நாலும் கூவத்துக்கு வடக்கே. வடசென்னை என்றாலே அரிவாளும் அடிதடியும் என்று திரையில் பார்த்துப் பழகிய பிள்ளைகளுக்கு, அந்தத் திரையே இங்கேதான் பிறந்தது என்று சொல்லும்போது முகம் மாறுவதைப் பார்க்கிறேன். அதற்காகவே நடக்கிறேன்.

புரசைவாக்கமும் கீழ்ப்பாக்கமும் வடசென்னையா? ராயபுரம், தண்டையார்பேட்டைதானே வடசென்னை?

ராயபுரத்துக்காரர்கள் இப்படித்தான் கேட்பார்கள், கோபம் நியாயமானது. தேர்தல் தொகுதிக் கணக்கு வேறு, பின்கோடு கணக்கு வேறு. நான் எடுத்துக்கொள்ளும் கோடு கூவம் ஆறு. ஆற்றுக்கு வடக்கே இருப்பதெல்லாம் இந்தப் பக்கத்துக் கணக்கில் வருகிறது. சினிமாவும் ஒரு நாள் அந்த ஆற்றைத் தாண்டித்தான் தெற்கே போனது, அதனால் இந்தக் கதைக்கு இந்தக் கோடே பொருத்தம்.

முதல் கம்பெனி எது, யார் ஆரம்பித்தது?

கம்பெனியின் பெயர் இந்தியா ஃபிலிம் கம்பெனி. ஆரம்பித்தவர் ஆர். நடராஜ முதலியார். 1885-ல் வேலூரில் பிறந்தவர். சினிமாவுக்கு வருவதற்கு முன் மவுண்ட் ரோட்டில் மோட்டார் கார்களும் உதிரிப் பாகங்களும் விற்றுக்கொண்டிருந்தார். தாதாசாகேப் பால்கே 1913-ல் ‘ராஜா ஹரிச்சந்திரா’ எடுத்த பிறகு அவருடைய படங்கள் சென்னைக்கும் வந்தன. அவற்றைப் பார்த்துத்தான் முதலியாருக்கு இந்த ஆசை பிடித்தது. நல்ல வியாபாரம், கையில் காசு. அதை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை.

கேமராவைத் தொட்டே பார்க்காத மனுஷர் படம் எடுக்க எங்கே கற்றுக்கொண்டார்?

கர்சன் பிரபுவைப் பற்றிய செய்திப்படத்தில் வேலை பார்த்த ஸ்டூவர்ட் ஸ்மித் என்ற ஆங்கிலேயக் கேமராக்காரர் அப்போது பூனாவில் இருந்தார். முதலியார் அங்கே போய் அவரிடம் கேமராவைச் சுற்றப் பழகிக்கொண்டு வந்தார்.

‘சுற்ற’ என்பதைப் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். அந்தக் காலத்துக் கேமராவில் மோட்டார் கிடையாது. பக்கவாட்டில் ஒரு கைப்பிடி இருக்கும். அதை ஒரு சுற்று சுற்றினால் எட்டுப் படச்சட்டம் (ஃப்ரேம்) பதிவாகும். நொடிக்கு இரண்டு சுற்று, அதாவது 16 சட்டம். வேகம் கூடினால் திரையில் ஆள் மெதுவாக நகர்வார், குறைந்தால் ஓட்டமாக ஓடுவார். கையை ஆட்டிக்கொண்டே ஒரே தாளத்தில் நிற்கவேண்டும். நடையின்போது ஒவ்வொரு பிள்ளையையும் காற்றில் கைப்பிடி சுற்றச் சொல்வேன். பத்து நொடியில் தாளம் தப்பிவிடும். ஒரு பெண் பிள்ளை மட்டும் வாய்க்குள்ளேயே ஆதி தாளம் போட்டுக்கொண்டு ஒரு நிமிடம் முழுசாகச் சுற்றினாள். கேட்டால் பாட்டு கிளாஸ் போகிறாளாம்.

அந்த ஸ்டுடியோ எப்படி இருந்தது?

மில்லர்ஸ் சாலையில் டவர் ஹவுஸ் என்ற பங்களா. அதன் தோட்டம்தான் ஸ்டுடியோ. சுவரும் கூரையும் வைத்த ஃப்ளோர் என்று எதுவும் கிடையாது. தரையில் மேடை, பின்னால் வரைந்த திரை, தலைக்கு மேலே வெள்ளைத் துணி. அவ்வளவுதான்.

அந்தத் துணியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். விளக்கு போட்டுப் படம் எடுக்கும் வசதி அப்போது இங்கே இல்லை, எல்லாம் சூரிய வெளிச்சம்தான். சென்னை வெயில் உச்சியில் நின்றால் கண்குழி, மூக்கடி, தாடைக்குக் கீழே எல்லாம் கருப்பாக நிழல் விழும். அழகான முகம்கூட எலும்புக்கூடு மாதிரித் தெரியும். வெள்ளைத் துணியை மேலே இழுத்துக் கட்டினால் வெயில் அதில் வடிகட்டிப் பரவலாக இறங்கும், முகம் தெளியும்.

இதை வாயால் சொன்னால் பிள்ளைகளுக்கு ஏறாது. அதனால் ஒரு எட்டு முழ வேட்டி எடுத்துப் போவேன். பதினொரு மணி வெயிலில் நாலு பேர் நாலு முனையைப் பிடித்துத் தூக்குவார்கள். நடுவில் ஒருவன் நிற்பான். “இப்போ பாருங்க.” வேட்டியை விலக்குவோம். “இப்போ பாருங்க.” நிழல் வருவதும் போவதும் பளிச்சென்று தெரியும். நூறு வருடத்துக்கு முன்னால் ஒரு சினிமா கம்பெனி நம்பி நின்ற தொழில்நுட்பம் ஒரு வேட்டியளவுதான் என்று தெரிந்ததும் அவனவன் வீட்டில் போய்ச் செல்போனில் முயற்சி செய்கிறான்.

மேகம் மூடினால் வேலை நிற்கும். காற்று அடித்தால் துணி படபடக்கும், அரசவையில் நிழல் ஆடும். மாலை நாலு மணிக்கு மேல் மூட்டை கட்டவேண்டியதுதான்.

எடுத்த படத்தை எங்கே கழுவினார்கள்?

பெங்களூரில். படச்சுருளைக் கழுவ மருந்துத் தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். சூடானால் படலம் இளகி உரிந்துவிடும். சென்னைச் சூட்டுக்கு அது ஒத்துவராது என்று முதலியார் பெங்களூரில் ஒரு லேப் வைத்தார். எடுத்த சுருள் ரயிலேறிப் பெங்களூர் போய்க் கழுவி வந்த பிறகுதான் காட்சி விழுந்திருக்கிறதா இல்லையா என்றே தெரியும். இன்றைக்கு எடுத்த அடுத்த நொடியில் மானிட்டரில் பார்க்கிறோம். அவர்கள் நாள் கணக்கில் வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

முதல் படம் எது? எவ்வளவு செலவு, எவ்வளவு வரவு?

‘கீசக வதம்’. மகாபாரதத்தில் விராட பர்வக் கதை. வருடத்தில் ஆராய்ச்சியாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. 1916, 1917, 1918 என்று மூன்றையும் புத்தகங்களில் பார்க்கலாம். வினாடி வினாவில் கேட்டால் எந்தப் புத்தகத்தை வைத்துக் கேட்கிறார்கள் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

35 நாளில் எடுத்தார்கள். செலவு 35,000 ரூபாய், வசூல் 50,000 ரூபாய் என்பது பதிவான கணக்கு. நீளம் 6,000 அடி. 35 மில்லிமீட்டர் சுருளில் ஒரு அடிக்கு 16 சட்டம். நொடிக்கு 16 சட்டம் என்றால் ஒரு அடி ஒரு நொடி. அப்போது 6,000 நொடி, நூறு நிமிடம். பிள்ளைகளிடம் இந்தக் கணக்கைப் போடச் சொல்வேன், சரியாகப் போட்டுவிடுவார்கள்.

நடிகர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ரங்கவடிவேலு. வக்கீல், சுகுண விலாச சபா என்ற நாடக சபாவின் பேர்பெற்ற நடிகர். அந்தச் சபாவை 1891-ல் ஆரம்பித்தவர் பம்மல் சம்பந்த முதலியார், அவருடைய யோசனைகளும் நடராஜ முதலியாருக்குக் கிடைத்தன. ஆக, பணம் மோட்டார் கடையிலிருந்து, நடிப்பு நாடக மேடையிலிருந்து, கேமரா வித்தை பூனாவிலிருந்து, கழுவல் பெங்களூரில். இதையெல்லாம் ஒன்றுசேர்த்துக் கட்டிய இடம் மில்லர்ஸ் சாலை.

பேச்சே இல்லாத படத்தை ஜனங்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள்?

கதை தெரிந்த கதை, அது பாதிப் பலம். காட்சிகளுக்கு நடுவே எழுத்து அட்டைகள் வரும். ‘கீசக வத’த்துக்குத் தமிழ், ஆங்கிலம், இந்தி மூன்றிலும் போட்டார்கள். இந்தி அட்டைகளை எழுதிக்கொடுத்தவர் காந்தியின் மகன் தேவதாஸ் காந்தி. படிக்கத் தெரியாதவர்களுக்காகக் கொட்டகையில் திரைக்குப் பக்கத்தில் ஒருவர் நின்று அட்டையை வாசிப்பார், சொந்தமாக வசனமும் சேர்த்துக்கொள்வார். குரல் கணீரென்று இருந்தால் அவருக்காகவே கூட்டம் வரும். கீழே பெஞ்சுக்கும் தரைக்கும் நடுவே ஆர்மோனியமும் தபலாவும் வேறு.

இந்தியா ஃபிலிம் கம்பெனி வேறு என்ன படங்கள் எடுத்தது? ஏன் மூடப்பட்டது?

‘திரௌபதி வஸ்திராபகரணம்’, ‘லவ குசா’, ‘ருக்மிணி சத்யபாமா’, ‘மயில் ராவணன்’, ‘காளிங்க மர்த்தனம்’, ‘மார்க்கண்டேயா’. எல்லாம் புராணம்தான்.

மூடியது 1923-ல். ஸ்டுடியோவில் தீ விபத்து, மகனின் சாவு. அதற்கு மேல் அவரால் முடியவில்லை. அதன் பிறகு 1971-ல் இறக்கும்வரை கிட்டத்தட்ட ஐம்பது வருடம் அவர் இருந்தார். அந்த ஐம்பது வருடத்தில் தமிழ் சினிமா பேசியது, பாடியது, கலர் ஆனது, ஆட்சியையும் பிடித்தது. ஒதுங்கி உட்கார்ந்து அவர் இதையெல்லாம் பார்த்திருப்பார் என்று நினைக்கும்போது எனக்குத் தொண்டை அடைக்கும். மில்லர்ஸ் சாலையில் பிள்ளைகளிடம் இந்த இடத்தைச் சொல்லும்போது கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் நகர்வேன்.

கண்ணாடி ஸ்டுடியோ என்கிறார்களே, அது இதுதானா?

இல்லை, அது வேறு. கட்டியவர்கள் ரகுபதி வெங்கையாவும் அவர் மகன் ஆர். பிரகாஷும். வெங்கையா மச்சிலிப்பட்டணத்திலிருந்து வந்த போட்டோகிராஃபர். முதலில் படம் காட்டும் மிஷினை வாங்கி ஊர் ஊராகப் படம் காட்டினார், பிறகு கொட்டகைகள் கட்டினார். மவுண்ட் ரோடு பக்கம் கெயிட்டி, தங்கசாலையில் கிரவுன், புரசைவாக்கத்தில் குளோப். குளோப்தான் பிற்காலத்து ராக்ஸி. நம் தாத்தா பாட்டிகள் ராக்ஸி என்றால் இன்னும் கண் விரிப்பார்கள்.

படம் காட்டினால் போதாது, எடுக்கவும் வேண்டும் என்று மகனை இங்கிலாந்துக்கு அனுப்பித் தொழில் படிக்கவைத்தார். பிரகாஷ் திரும்பி வந்ததும் 1921 வாக்கில் ஸ்டார் ஆஃப் தி ஈஸ்ட் என்ற கம்பெனி புரசைவாக்கத்தில் ஆரம்பமானது. முதல் படம் ‘பீஷ்ம பிரதிக்ஞை’. துணிக்குப் பதில் கண்ணாடிக் கூரை. காற்றுக்கு ஆடாது, தூறலுக்கு நனையாது, வெளிச்சம் மட்டும் இறங்கும். ஐரோப்பாவில் இருந்த ஏற்பாட்டை அப்படியே கொண்டுவந்து இங்கே கட்டினார்கள். சித்திரை மாதத்தில் கண்ணாடிக்குக் கீழே பட்டும் கிரீடமும் ஒட்டுமீசையும் வைத்துக்கொண்டு நின்றவர்களை நினைத்துப் பாருங்கள். பிரகாஷிடம் வேலை பழகியவர்களில் சி. புல்லையா, ஒய்.வி. ராவ் போன்றவர்கள் பின்னால் பெரிய டைரக்டர்கள் ஆனார்கள். என் கணக்கில் தென்னிந்திய சினிமாவின் முதல் பள்ளிக்கூடம் அந்தக் கண்ணாடி வீடுதான்.

இந்தப் படங்களை இப்போது எங்கே பார்க்கலாம்?

பார்க்க முடியாது. நடராஜ முதலியார் எடுத்த ஒரு படத்துக்குக்கூடப் பிரிண்ட் மிஞ்சவில்லை. அந்தக் காலத்துச் சுருள் நைட்ரேட் வகை, தீப்பெட்டி மாதிரிப் பற்றிக்கொள்ளும். எரியாமல் தப்பினாலும் வருடம் போகப்போகத் தானே பொடிந்து தூளாகிவிடும். ஓடி முடிந்த சுருளில் வெள்ளி இருக்கிறது என்று அதைச் சுரண்டி எடுக்க விற்றதும் உண்டு. அதோடு, ஓடி முடிந்த படத்தைப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற எண்ணம் யாருக்கும் இல்லை. பூனாவில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் வந்ததே 1964-ல்தான். தென்னிந்தியாவில் எடுத்த மௌனப் படங்களில் இன்று பார்க்கக் கிடைக்கும் கதைப்படம் 1933-ல் நாகர்கோவில்காரர் ஒருவர் தயாரித்த ‘மார்த்தாண்ட வர்மா’ மட்டும்.

பெண்கள் நடித்தார்களா?

நடித்தார்கள், ஆனால் கிடைப்பது பெரும்பாடு. சினிமாவில் நடித்தால் மானம் போகும் என்று குடும்பங்கள் நினைத்த காலம். ‘கீசக வத’த்தில் திரௌபதி ஜீவரத்தினம். அடுத்த படத்துத் திரௌபதிக்கு ஆங்கிலோ இந்தியப் பெண் ஒருவரைப் பிடித்தார்கள். மௌனப் படம் என்பதால் அது செல்லுபடியானது, தமிழ் வராவிட்டாலும் யாருக்குத் தெரியும்? வெப்பேரி, பெரம்பூர் ரயில்வே குடியிருப்புகளில் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் நிறைய இருந்தன என்பது நம் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பேசும் படம் வந்ததும் அவர்களுக்கு வாய்ப்பு சட்டென்று நின்றுபோனது.

திரைக்குப் பின்னால் ஒரு பெண்ணின் பெயரை எல்லோரும் தெரிந்துகொள்ளவேண்டும்: மீனாட்சி நாராயணன். அடுத்த பதிலில் வருகிறார்.

பேசும் படம் வந்தபோது வடசென்னையில் என்ன நடந்தது?

தமிழ் பேசிய முதல் படம் ‘காளிதாஸ்’. எடுத்தது பம்பாயில், அர்தேஷிர் இரானியின் இம்பீரியல் கம்பெனி. டைரக்டர் எச்.எம். ரெட்டி, கதாநாயகி டி.பி. ராஜலட்சுமி. திரையிட்டது 1931 அக்டோபர் 31-ல், ஜார்ஜ் டவுன் கினிமா சென்ட்ரல் கொட்டகையில். அதுதான் பிறகு முருகன் டாக்கீஸ் ஆனது. படப்பெட்டி சென்ட்ரல் ரயில் நிலையத்தில் வந்து இறங்கியபோது வால்டாக்ஸ் சாலை முழுக்கக் கூட்டம் என்று எழுதியிருக்கிறார்கள். தேங்காய் உடைத்து, பூத் தூவி, ஊதுபத்தி கொளுத்தி, சாமி ஊர்வலம் மாதிரிப் பெட்டியைக் கொட்டகைக்குக் கொண்டுபோனார்கள். இன்று கட்-அவுட்டுக்குப் பால் ஊற்றுவதைப் பார்த்துச் சலித்துக்கொள்பவர்கள் இந்த ஊர்வலத்தையும் நினைத்துக்கொள்ளலாம். படத்தில் தமிழும் தெலுங்கும் கலந்து வந்தன. ஜனங்கள் அதைப் பொருட்படுத்தவே இல்லை, திரை நம் பாஷையில் வாய் திறந்ததே போதும் என்று இருந்தார்கள்.

டி.பி. ராஜலட்சுமி அத்தோடு நிற்கவில்லை. சொந்தக் கம்பெனி வைத்து, 1936-ல் ‘மிஸ் கமலா’வை எழுதி, தானே டைரக்ட் செய்தார். தமிழில் அதுவரை ஒரு பெண் டைரக்டர் கிடையாது.

ஆனால் படம் பேச ஆரம்பித்ததில் இங்கே ஒரு சிக்கல். பேசும் படம் எடுக்க பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் ஆட்களை மொத்தமாக ரயிலேற்றிக் கூட்டிப் போகவேண்டியிருந்தது. இங்கே ஒலிப்பதிவு செய்யும் ஸ்டுடியோ இல்லை. அந்தக் குறையைத் தீர்த்தவர் ஏ. நாராயணன். 1929-லேயே ஜெனரல் பிக்சர்ஸ் கார்ப்பரேஷன் வைத்து மௌனப் படங்களை வரிசையாக எடுத்துத் தள்ளியவர். 1934-ல் பூந்தமல்லி நெடுஞ்சாலையில் சீனிவாசா சினிடோன் ஆரம்பித்தார். சவுண்ட் சிட்டி என்றும் சொல்வார்கள். சென்னையிலேயே எடுத்த முதல் பேசும் படம் ‘சீனிவாச கல்யாணம்’ அங்கே தயாரானது.

அந்த ஸ்டுடியோவில் ஒலிப்பதிவு செய்தவர் மீனாட்சி, நாராயணனின் மனைவி. இந்தியாவிலேயே முதல் பெண் ஒலிப்பதிவாளர். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, எங்கே வசனம் மங்குகிறது, எங்கே இரைகிறது என்று காதைத் தீட்டி உட்கார்ந்திருந்த பெண் 1934-ல், கீழ்ப்பாக்கம் பக்கத்தில்! நடைக்கு வரும் பெண் பிள்ளைகள் இந்த இடத்தில்தான் நோட்டை எடுத்துப் பெயரை எழுதிக்கொள்வார்கள். நாராயணன் 1939-ல் காலமானார், கம்பெனியும் அதற்கு மேல் நிலைக்கவில்லை.

கீழ்ப்பாக்கத்தில் நியூடோன் என்று ஒன்று இருந்ததாகப் பெரியவர்கள் சொல்கிறார்களே?

இருந்தது. 1930-களின் கடைசியில் வந்த ஸ்டுடியோ. ஒலிப்பதிவில் தின்ஷா தெஹ்ரானி, கேமராவில் ஜித்தன் பானர்ஜி என்று கைதேர்ந்தவர்கள் கூடி நடத்தினார்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரின் ‘அசோக் குமார்’ 1941-ல் அங்கே எடுத்ததுதான். வடக்குப் பக்கத்தில் பெரிதாக ஓடிய கடைசி ஸ்டுடியோ என்று நியூடோனைச் சொல்வேன்.

அப்புறம் ஏன் எல்லோரும் கோடம்பாக்கம் போனார்கள்?

யாரும் துரத்தவில்லை. முக்கியமான காரணம் சத்தம். மௌனப் படத்துக்குச் சூரியன் இருந்தால் போதும், பேசும் படத்துக்கு அமைதி வேண்டும். இந்தப் பக்கம் ரயில் பாதைகள், ஒர்க்‌ஷாப், மில் சங்கு, டிராம் வண்டி, துறைமுகத்துக்குப் போகும் பாரவண்டிகள். காதல் வசனம் பேசும்போது பேசின் பிரிட்ஜில் இன்ஜின் ஊதினால் அந்த டேக் போச்சு. தெற்கே மட்டும் சத்தம் இல்லை என்று அர்த்தமில்லை. அடையாறில் 1934-ல் ‘பவளக்கொடி’ எடுத்தபோது காக்கைகளை விரட்டவே துப்பாக்கியோடு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. காக்கையை விரட்டலாம், ரயிலை என்ன செய்வது?

அடுத்தது இடம். நாலு பக்கமும் அடைத்து, விளக்கு கட்டி, அரண்மனை செட் போடும் அளவுக்கு ஃப்ளோர் வேண்டும் என்றால் ஏக்கர் கணக்கில் நிலம் வேண்டும். வடக்கே வீடும் ஆலையும் நெருக்கியடித்துவிட்டன. கோடம்பாக்கம், வடபழனி பக்கம் தோப்பும் ஏரிக்கரையுமாகக் கிடந்தன. நடுவில் யுத்தம் வேறு. 1942-ல் ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பாதி ஊர் காலியானது, படச்சுருளுக்கும் கட்டுப்பாடு வந்தது, பழைய கம்பெனிகள் ஆட்டம் கண்டன. யுத்தம் முடிந்து புதிதாகப் பணம் போட வந்தவர்கள் புதிய இடத்துக்கே போனார்கள். வாகினி, ஏவி.எம்., பரணி என்று வரிசையாக வந்தபின் லேப், லைட் வாடகை, மேக்கப் சாமான், சங்க ஆபீஸ் எல்லாம் அங்கேயே குடியேறின. அதற்குப் பிறகு வேறு இடத்தில் ஸ்டுடியோ வைப்பதே கஷ்டம்.

ஏவி.எம். முதலில் வடசென்னையில் இருந்ததா?

இல்லை. இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது என்று தெரியும், வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு செய்தி சுற்றுகிறது. ஏவி. மெய்யப்பன் காரைக்குடிக்காரர், 1930-களிலேயே படத்தயாரிப்பில் இறங்கியவர். ஏவி.எம். புரொடக்‌ஷன்ஸ் 1945-ல் தொடங்கியது. யுத்தகால நெருக்கடியில் சென்னையில் ஸ்டுடியோ வைக்க வழியில்லாமல் காரைக்குடியில் கொட்டகை போட்டு எடுத்தார்கள். 1947-ல் வந்த ‘நாம் இருவர்’ அங்கே எடுத்த படம். 1948-ல் வடபழனிக்கு வந்தார்கள். பிற்காலத்தில் டி.வி. தொடர்களும் தயாரித்தார்கள். ஒரே குடும்பம், ஒரே வளாகம், இத்தனை வருடம். நம் பக்கத்துக் கம்பெனிகளுக்கு அப்படி ஒரு ஆயுள் கிடைக்கவில்லையே என்பதுதான் என் ஆதங்கம்.

டி.வி. வந்த பிறகாவது இந்தப் பக்கம் ஸ்டுடியோ வந்ததா?

பெரிதாக இல்லை. சென்னை தூர்தர்ஷன் 1975 ஆகஸ்ட் 15-ல் ஆரம்பித்தது, நிலையம் சுவாமி சிவானந்தா சாலையில். 1993 சித்திரை முதல் நாளில் சன் டி.வி. வந்து மெகா சீரியல் காலம் பிறந்தபோது, சாலிகிராமம், வளசரவாக்கம் பக்கத்து பங்களாக்களே ஷூட்டிங் வீடுகள் ஆயின. ஆட்கள் மட்டும் இங்கிருந்து போகிறார்கள். எங்கள் தெருவில் லைட்மேன் இரண்டு பேர், செட் தச்சர் ஒருவர். விடியற்காலை முதல் பஸ்ஸில் ஏறி ஊரின் இன்னொரு கோடிக்குப் போய்வருகிறார்கள். சீரியலில் வரும் பூஜையறைக் கதவை எங்கள் தெருக்காரர் இழைத்திருப்பார். டைட்டிலில் பெயர் ஓடுகிற வேகத்தில் அவர் மனைவியாலேயே அதைப் படிக்க முடியாது.

பின்னி மில்லில் ஷூட்டிங் நடந்ததே, அது ஸ்டுடியோ ஆகாதா?

ஸ்டுடியோவாகக் கட்டியது அல்ல, ஆனால் பல வருடம் ஸ்டுடியோ வேலையைச் செய்தது. பின்னி மில் என்பது பின்னி கம்பெனியின் இரண்டு துணி ஆலைகள்: பக்கிங்ஹாம் மில் 1876, கர்நாடிக் மில் 1881, இரண்டும் 1920-ல் ஒன்றாகின. 1918-ல் திரு.வி.க.வும் வாடியாவும் சேர்ந்து சென்னைத் தொழிலாளர் சங்கத்தை ஆரம்பித்தது இந்த மில் ஆட்களுக்காகத்தான். 1996-ல் மில் மூடியது. உயரமான இரும்புத் தூண், உடைந்த கண்ணாடிக் கூரை, காரை பெயர்ந்த சுவர், மழை ஒழுகும் ஷெட். கேமராக்காரர்களுக்கு அது பொக்கிஷம். சண்டைக் காட்சி, ஜெயில், கடத்தல்காரன் குடோன், பாட்டுக்கு செட் என்று வரிசையாக வந்தார்கள்.

என் அப்பா அங்கே நெசவுப் பிரிவில் இருந்தவர். மூடிய பிறகு ஒருநாள் ஷூட்டிங் பார்க்கலாம் என்று கூட்டிப்போனேன். அவர் தறி ஓட்டிய ஷெட்டில் ஜெயில் செட் போட்டிருந்தார்கள். தெர்மகோல் சுவரில் கருங்கல் வரைந்திருந்தது. அப்பா அதைத் தொடவில்லை. அதற்குப் பின்னால் தெரிந்த நிஜத் தூணில் கை வைத்துப் பார்த்தார். “இங்கதாண்டா என் சைக்கிள் துணி தொங்கும்” என்றார். டைரக்டர் ‘ஆக்‌ஷன்’ என்றதும் நாங்கள் வெளியே வந்துவிட்டோம். இப்போது அந்த நிலத்தில் அடுக்குமாடி வீடுகள் எழும்பிவிட்டன.

கொட்டகைகள் என்ன ஆயின?

கினிமா சென்ட்ரல், கிரவுன், ராக்ஸி எதுவும் இல்லை. வால்டாக்ஸ் சாலை ஒற்றைவாடை நாடகக் கொட்டகையும் போய்விட்டது. சிறுவர்களை நடிக்கவைத்த பாய்ஸ் கம்பெனிகள் நாடகம் போட்ட மேடை அது, அங்கே ஆடியவர்கள்தான் பிறகு திரைக்குப் போனார்கள். தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020-ல் மூடியது. அகஸ்தியாவில் இடைவேளைக்கு வெளியே வந்தால் கடல்காற்று முகத்தில் அடிக்கும், அது ஏ.சி. தியேட்டரில் வராது.

இந்த இடங்களில் ஏன் ஒரு பலகைகூட இல்லை?

இருக்கவேண்டும். ஒரு அலுவலகத்தில் மனு கொடுத்தோம், இடத்தின் உரிமையாளரிடம் போங்கள் என்றார்கள். உரிமையாளர் அலுவலகத்துக்குப் போங்கள் என்றார். திரும்பவும் போவோம். நாங்கள் கேட்பது சிலையோ மணிமண்டபமோ அல்ல. மில்லர்ஸ் சாலையில் ஒன்று, புரசைவாக்கத்தில் ஒன்று, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒன்று, ஜார்ஜ் டவுனில் ஒன்று. நாலு பலகை. மூன்றாவதில் மீனாட்சியின் பெயர் நாராயணன் பெயருக்குச் சமமான எழுத்தில் இருக்கவேண்டும்.

நடையில் கலந்துகொள்ள என்ன செய்யவேண்டும்?

காலை ஏழு மணிக்குப் புரசைவாக்கம் கங்காதீஸ்வரர் கோயில் குளக்கரைக்கு வந்துவிடுங்கள். காசு கிடையாது. தண்ணீர் பாட்டிலும் தொப்பியும் கட்டாயம். வெப்பேரி வழியாகப் போய், யானைக்கவுனி பாலம் ஏறி இறங்கினால் வால்டாக்ஸ் சாலை. காளிதாஸ் படப்பெட்டி போன சாலையில் நாமும் போய்த் தங்கசாலையில் முடிப்போம். நடுவில் பதினொரு மணி வெயிலுக்கு ஒரு இடத்தில் நிற்போம். வேட்டி என்னிடம் இருக்கிறது, முனையைப் பிடிக்க நாலு பேர் வேண்டும்.